வீட்டுச் செலவுக்கே வழியில்லாதபோது: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்குளம், விளவங்கோடு பக்கத்து வீடுகளுக்குப் பல வருடமாக மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். மழை பிடித்து ரப்பர் பால்வெட்டு நின்றாலும், மீன்பிடித் தடைக்காலத்தில் போட்டு (படகு) கரையில் கிடந்தாலும், அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) பூட்டினாலும் கேள்விகள் ஒன்றுதான். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதியிருக்கிறேன். முக்கால்வாசிப் பேர் நகையும் போய், வட்டியும் ஏறின பிறகுதான் வருகிறார்கள். முதல் தவணை தவறும் முன்பே வந்திருந்தால் பாதிச் சிக்கல் வந்திருக்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1. கையில பைசா தீந்து போச்சு. முதல்ல எதைக் கட்டணும், எதை நிறுத்தி வைக்கலாம்?

சாப்பாடு, மருந்து, கரண்டு, வாடகை. இந்த நான்கும் முதலில். அடுத்தது அடமானம் வைத்த நகையின் வட்டி. குழு லோன், ஃபைனான்ஸ் தவணை, கைமாற்று எல்லாம் அதற்கும் பிறகுதான். நடைமுறையில் இது தலைகீழாகவே நடக்கிறது. வாசலில் வந்து சத்தம் போடுகிறவனுக்கு முதலில் கொடுத்துவிட்டு, சத்தம் போடாத பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள்.

ஒரு கடனை அடைக்க இன்னொரு வாரக்கடன் எடுப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். கட்ட முடியாது என்று தெரிந்தால் தவணை நாளுக்கு முன்பே கொடுத்தவரிடம் போய்ச் சொல்லுங்கள். முன்கூட்டிச் சொன்னவருக்கு அவகாசம் கிடைக்கும். ஒளிந்து கொண்டவருக்குக் கிடைக்காது.

2. எந்த ஆபீஸுக்குப் போனாலும் ஒரு பேப்பர் இல்லண்ணு திருப்பி விடுறாங்க. எதையெல்லாம் எடுத்து வைக்கணும்?

வருமானச் சான்றிதழ்தான் முதலில். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக வட்டாட்சியர் அலுவலகத்தில் முடிவாகும். விண்ணப்பித்த கையோடு வி.ஏ.ஓ.வையும் ஒருமுறை நேரில் பார்த்து வீட்டு நிலைமையைச் சொல்லிவிடுங்கள். கீழே சொல்லும் பல உதவிகளுக்கு இந்த ஒரு தாள்தான் சாவி. கஷ்டம் வருவதற்கு முன்பே எடுத்து வைத்திருப்பது நல்லது.

பிறகு ரேஷன் அட்டை, ஆதார், வங்கிப் பாஸ்புக். ஆதாரில் உள்ள பெயரும் பாஸ்புக்கில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் பக்கத்தில் ஒருவருக்கே ஞானஸ்நானப் பெயர், வீட்டுப் பெயர், பள்ளிக்கூடப் பெயர் என்று மூன்று இருக்கும். பணம் வராமல் நிற்பதற்கு இது ஒரு பெரிய காரணம். கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா என்று வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

3. கரண்டு பில் கட்டல. எப்ப ஃபியூஸைப் பிடுங்குவாங்க?

ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாளுக்குள் கட்ட வேண்டும். தாண்டினால் இணைப்பைத் துண்டிக்கலாம். பிறகு பாக்கியோடு தாமதக் கட்டணமும் மறு இணைப்புக் கட்டணமும் சேர்ந்துவிடும். கெடுவுக்கு முன்பே உங்கள் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரைப் பார்த்து, எழுத்து மூலம் அவகாசமோ தவணையோ கேளுங்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. ஆனால் வீட்டில் நோயாளியோ பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையோ இருந்தால் அதை மனுவில் எழுதுங்கள். புகார்களுக்கு மின்னகம் எண் 94987 94987, இரவு பகல் எந்நேரமும்.

வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டின யூனிட்டுக்கு மட்டுமல்ல, அதற்குக் கீழே உள்ளதற்கும் சலுகை விலை போய்விடும். 490-லும் 510-லும் பில் எவ்வளவு வித்தியாசப்படுகிறது என்று பழைய பில்களை வைத்துப் பாருங்கள். ரீடிங் நாளுக்கு ஒரு வாரம் முன்பே மீட்டரைப் பார்த்து வைப்பது நல்ல பழக்கம்.

4. வழக்கமா அறுநூறு ரூவா வரும். இந்தத் தடவ ஆறாயிரம் வந்திருக்கு. கட்டித்தான் ஆகணுமா?

மீட்டரில் இப்போது ஓடும் எண்ணைப் போட்டோ எடுத்து, பில்லில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். போன முறை வீடு பூட்டிக் கிடந்து ரீடிங் எடுக்காமல் விட்டிருந்தால் இப்போது சேர்ந்து வரும். அப்படி இல்லையென்றால் மீட்டரைச் சோதிக்கும்படி எழுதிக் கொடுங்கள். அங்கே தீராவிட்டால் மின் பகிர்மான வட்டத்தில் இயங்கும் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்குப் போகலாம்.

மன்றம் முடிவு சொல்லும் வரை இருட்டில் கிடக்க வேண்டியதில்லை. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56-வது பிரிவின்படி, ஆட்சேபணையோடு முழுத்தொகையையோ, முந்தைய ஆறு மாதச் சராசரிக் கட்டணத்தையோ, இரண்டில் குறைந்ததைக் கட்டினால் தகராறு தீரும்வரை துண்டிக்கக் கூடாது. மனுவில் இந்தப் பிரிவு எண்ணைக் குறிப்பிடுங்கள். இரண்டு வருடத்துக்கு மேல் பழைய பாக்கியைத் திடீரென்று கேட்டாலும் இதே பிரிவுதான் கைகொடுக்கும். இடையில் தொடர்ந்து பாக்கியாகக் காட்டி வராத தொகையை அதற்குப் பிறகு வசூலிக்க முடியாது.

5. வாடகை ரெண்டு மாசம் பாக்கி. வீட்டுக்காரரு தண்ணியையும் கரண்டையும் அடைச்சிட்டாரு.

செய்யக் கூடாது. 2017-ஆம் ஆண்டு தமிழ்நாடு வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டம், பாக்கி இருந்தாலும் தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்தத் தடை விதிக்கிறது. நாகர்கோவில் போன்ற நகர்ப்புறங்களில் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். கையில் எழுத்து ஒப்பந்தம் இருந்தால் மனு வலுவாக இருக்கும். பாக்கி பாக்கிதான், அது தள்ளுபடி ஆகாது. எத்தனை மாதத்தில் எவ்வளவு தீர்ப்பீர்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பேசினால் பெரும்பாலும் நாகர்கோவில் வரை போக வேண்டி வராது.

6. பிள்ளைங்க சாப்பாட்டுக்காவது என்ன வழி?

ரேஷனில் அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கும். மாதக் கடைசிக்கு விடாமல் வாங்கிவிடுங்கள். மிக ஏழ்மையான குடும்பம், தனித்து வாழும் விதவை, தீராத நோயாளி உள்ள வீடு என்றால் 35 கிலோ அரிசி தரும் அந்தியோதயா அட்டைக்கு வட்ட வழங்கல் அலுவலரிடம் மனு கொடுக்கலாம். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022-ல் தொடங்கின காலை உணவுத் திட்டம் இப்போது அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் உண்டு. நம் மாவட்டத்தில் சபைகளும் மடங்களும் நடத்தும் உதவிபெறும் பள்ளிகளே அதிகம் என்பதால் இது பெரிய ஆசுவாசம்.

கல்லூரியில் பிள்ளை இருந்தால், பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலோ, உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும். கல்லூரி அலுவலகம் வழியாகத்தான் விண்ணப்பம்.

7. ஆஸ்பத்திரிச் செலவுதான் எங்களைக் கவுத்துச்சு. இன்ஷுரன்ஸ் கார்டு இல்லேண்ணா கிடையாதா?

கார்டு இல்லாமல் சேர்ந்தாலும் வழி உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குக் கீழ் உள்ள குடும்பம் சேரலாம். வருடத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். வருமானச் சான்றும் ரேஷன் அட்டையும் இருந்தால் நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிவு செய்யலாம். 2-வது பதிலில் அந்தச் சான்றை முதலிலேயே எடுத்து வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டாலே சொல்வார்கள். தனியார் மருத்துவமனை என்றால், அந்த மருத்துவமனை மட்டுமல்ல, உங்களுக்குச் செய்யப்போகும் சிகிச்சையும் பட்டியலில் உள்ளதா என்று 1800 425 3993-ல் கேட்டுவிட்டுச் சேருங்கள். திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோகும் முன்பும் இந்த எண்ணில் கேளுங்கள். சாலை விபத்து என்றால் முதல் 48 மணி நேரத்துக்குத் தனித் திட்டம் உண்டு. அதற்கு வருமான வரம்பு இல்லை.

8. அம்மைக்கு எழுபது வயசு. மகன் இருக்கான், ஆனா பாக்க மாட்டான். முதியோர் பைசா கிடைக்குமா?

முதியோர் உதவித்தொகை 2023-ல் 1,000-லிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது. கைவிடப்பட்ட பெண், விதவை ஆகியோருக்கும் தனித்தனியே உண்டு. இ-சேவையில் விண்ணப்பித்தால் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போகும். வி.ஏ.ஓ. விசாரணைக்கு வரும்போது முதல் கேள்வியே மகனைப் பற்றித்தான் இருக்கும். மானம் போகும் என்று நினைத்து, "அவன் பாத்துக்கிறான்" என்று பல அம்மைமார் சொல்லிவிடுகிறார்கள். அதோடு மனு முடிந்துவிடும். உள்ளதை உள்ளபடி சொல்லச் சொல்லுங்கள். ஒரே ரேஷன் அட்டையில் இருந்தால், தனியே சமைத்து வாழ்வதையும் சொல்ல வேண்டும்.

மகனுக்கு வசதி இருந்தும் கொடுக்கவில்லை என்றால், 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். நாகர்கோவில், பத்மநாபபுரம் என்று இரண்டு கோட்டம். மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்க உத்தரவிட முடியும். வக்கீல் வேண்டியதில்லை. முதியோர் உதவி எண் 14567.

9. உரிமைத் தொகை எல்லாருக்கும் வருது, எனக்கு மட்டும் தள்ளுபடி. ஏன்?

கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கியபோது வகுத்த விதியில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் என்று இருந்தது. கூட்டுக் குடும்ப வீடுகளில் பலர் இந்த மின்சார விதியில்தான் அடிபட்டார்கள். ஒரே மீட்டரில் அண்ணன் வீடு, தம்பி வீடு, மாடி வாடகைக்காரர் எல்லாம் ஓடினால் யூனிட் ஏறத்தானே செய்யும். தள்ளுபடிக் காரணத்தை இ-சேவையில் கேட்டு அறிந்து, கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யுங்கள். தனி அடுப்பு, தனி ரேஷன் அட்டை, ஒரே மீட்டர் என்பதற்கான சான்றுகளை வையுங்கள்.

10. கொத்தனாருக்குக் கையாளா போறேன். வாரியத்துல சேந்தா உடனே பைசா உண்டா?

உடனே கிடையாது. தொழிலாளர் நல வாரியம் தருவது பிள்ளைகளின் படிப்பு, திருமணம், பிரசவம், விபத்து, மரணம், 60 வயதுக்கு மேல் ஓய்வூதியம் போன்றவற்றுக்குத்தான். பதிவு இலவசம். கட்டுமானத்துக்குத் தனி வாரியம், தையல், சலவை, ஓட்டுநர் என்று மற்றவற்றுக்கு வேறு வாரியங்கள். பழைய அட்டை இருந்தால் புதுப்பிக்கும் தேதியை இன்றைக்கே பாருங்கள். காலாவதியான அட்டையை வைத்துக்கொண்டு படிப்பு உதவிக்கு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படும்.

அண்டி ஆபீஸில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறவர்கள் வேறு கணக்கு. இ.எஸ்.ஐ.யில் போதிய நாள் சந்தா இருந்தால், மருத்துவர் சான்றுடன் நோய்க்கால விடுப்புக்குச் சராசரிக் கூலியில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். மருந்துக்கு மட்டும்தான் இ.எஸ்.ஐ. என்று நினைத்து இதை வாங்காமல் விடுகிறார்கள்.

11. தடைக்காலத்துல ரெண்டு மாசம் என்ன செய்ய?

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் உள்ளிட்ட மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை. சின்னமுட்டம் கிழக்குக் கரைக் கணக்கு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்த்தப்பட்டது. அதோடு மீனவர் சேமிப்பு, நிவாரணத் திட்டமும் உண்டு. நீங்கள் 1,500 கட்டினால் அரசுகள் 3,000 சேர்த்து 4,500 ஆகத் திரும்பி வரும். ஆனால் அந்த 1,500-ஐ மீன்பாடு உள்ள மாதங்களிலேயே சங்கத்தில் கட்டியிருக்க வேண்டும். கட்டாமல் விட்டால் அந்த வருடத்துக்கு வழியில்லை.

12. வீட்டுக்காரரு திடீர்னு இறந்துட்டாரு. எங்க தொடங்கணும்ணே தெரியல.

முதலில் இறப்புச் சான்று, அடுத்தது வாரிசுச் சான்று. இவை வரும் இடைவெளியில் அவருடைய எல்லா வங்கிப் பாஸ்புக்கையும் எடுத்துப் பதிவு போட்டு வாங்குங்கள். மே கடைசி, ஜூன் முதல் வாரப் பக்கங்களை வரி வரியாகப் பாருங்கள். 436 ரூபாய் பிடித்திருந்தால் அது ஜீவன் ஜோதிக் காப்பீடு. எந்த மரணம் என்றாலும் 2 லட்சம். 20 ரூபாய் பிடித்திருந்தால் அது சுரக்ஷா விபத்துக் காப்பீடு. மரத்திலிருந்து விழுந்தோ கடலில் விபத்திலோ இறந்திருந்தால் 2 லட்சம். எப்போதோ வங்கியில் நீட்டின தாளில் கையெழுத்துப் போட்டிருப்பார், வீட்டில் யாருக்கும் தெரியாது. வங்கியும் தானாகக் கூப்பிட்டுச் சொல்லாது. விபத்து என்றால் முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் வேண்டும். பொல்லாப்பு வேண்டாம் என்று பிரேதப் பரிசோதனை செய்யாமல் அடக்கினால் இந்தப் பணம் கிடைப்பது கஷ்டம்.

பி.எஃப். பிடிக்கும் வேலையில் இருந்தபோது இறந்திருந்தால், தொடர்ந்து 12 மாதம் வேலை செய்தவருக்கு அதிலேயே உள்ள காப்பீட்டில் குறைந்தது 2.5 லட்சம் உண்டு. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பத்தில் சம்பாதித்தவர் 60 வயதுக்குள் இறந்தால் தேசியக் குடும்ப நலத் திட்டத்தில் 20,000 ரூபாய், வட்டாட்சியர் அலுவலகம் வழியாக. வாரிய அட்டை இருந்தால் 10-வது பதிலைப் பாருங்கள். விதவை உதவித்தொகைக்கும் இதோடு விண்ணப்பியுங்கள்.

13. மாப்பிள வளைகுடாவுல. நாலு மாசமா சம்பளம் குடுக்கல, பைசா வரல. இங்க யாரிட்டச் சொல்ல?

மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையதளத்தில் குடும்பத்தாரே புகார் பதியலாம். அது அந்நாட்டு இந்தியத் தூதரகத்துக்குப் போகும். பாஸ்போர்ட் நகல், விசா நகல், கம்பெனிப் பெயர் வேண்டும். கூடவே ஆட்சியரிடமும் மனு கொடுங்கள். அவர் வழியாகச் சென்னையிலுள்ள அயலகத் தமிழர் நலத் துறைக்குப் போகும். வீட்டு மனையைப் பணயம் வைக்கும் முன் இதைச் செய்யுங்கள்.

14. மிச்சம் இருக்கியது தாலிச்செயின்தான். எங்க பணயம் வைக்கலாம்?

கூட்டுறவு சங்கம் அல்லது வங்கி. கூட ஆயிரம் ரூபாய் தருகிறான் என்று தனியார் கடைக்கு ஓடாதீர்கள். வட்டியைக் கேளுங்கள், மாதத்துக்கா வருடத்துக்கா என்று திருப்பிக் கேளுங்கள். ரசீதில் எடை, மாற்று, தொகை மூன்றும் எழுதியிருக்க வேண்டும். மீட்க முடியாவிட்டால் கெடுவுக்கு முன் வட்டியையாவது கட்டிப் புதுப்பிக்கக் கேளுங்கள். வங்கியோ நிதி நிறுவனமோ முன்னறிவிப்பு இல்லாமல் ஏலம் விடக் கூடாது. ஏலத்தில் கடனுக்கு மேல் கிடைத்த பணம் உங்களுடையது. அதைக் கேட்டு வாங்குங்கள். முகவரி மாறியிருந்தால் நோட்டீஸ் பழைய வீட்டுக்குத்தான் போகும்.

15. குழு லோன்காரங்க ராத்திரி எட்டு மணிக்கும் வாசல்ல வந்து நிக்காங்க. சரியா?

சரியில்லை. ரிசர்வ் வங்கியின் 2022 நுண்கடன் விதிப்படி காலை 9-க்கு முன்பும் மாலை 6-க்குப் பின்பும் தொந்தரவு செய்யக் கூடாது. வசூல் பேசி வைத்த பொது இடத்தில்தான் நடக்க வேண்டும். நீங்கள் இரண்டு முறையோ அதற்கு மேலோ தொடர்ந்து அங்கே வராவிட்டால்தான் வீட்டுக்கு வரலாம். அப்போதும் மிரட்டல், கெட்ட வார்த்தை, உறவினரிடம் அவமானப்படுத்துவது கூடாது. குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்த்து மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகாதபடிதான் கடனே கொடுக்க வேண்டும். ஒரே வீட்டுக்கு நாலு கம்பெனி கொடுத்திருந்தால் தவறு உங்கள் பக்கம் மட்டுமல்ல.

கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். உதவி எண் 14448. குழுவில் உள்ள மற்ற பெண்கள் உங்கள் தவணையைச் சுமப்பதால் வரும் சண்டைக்குச் சட்டத்தில் மருந்து இல்லை. கூட்டத்தில் உட்கார்ந்து உண்மையைச் சொல்வதுதான் ஒரே வழி.

16. வட்டிக்காரரிட்ட எழுதாத செக்கும் வெத்துப் பத்திரமும் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாச்சு. இப்ப மிரட்டுறாரு.

2003-ஆம் ஆண்டு தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் தினவட்டி, மீட்டர்வட்டி, தண்டல் எல்லாவற்றையும் தடை செய்கிறது. 3 ஆண்டு வரை சிறை. வசூலுக்காக மிரட்டுவதைத் தடுக்க 2025-ல் தனிச் சட்டமும் வந்தது. இதுவரை கொடுத்த வட்டியைத் தேதி வாரியாக எழுதுங்கள். ஜி-பே பதிவு, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். பிறகு காவல் நிலையம், அங்கே எடுக்காவிட்டால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகம்.

செக் திரும்பி வக்கீல் நோட்டீஸ் வந்தால் மேசை டிராயரில் போட்டு வைக்காதீர்கள். 15 நாள்தான் அவகாசம். நோட்டீஸோடு அன்றே நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவச வக்கீல் கிடைப்பார். அவசர எண் 15100.

17. ஃபோன்ல ஆப் லோன் எடுத்தேன். என் போட்டோவ மாத்தி எல்லாருக்கும் அனுப்புவோம்ங்கான்.

பணம் அனுப்பாதீர்கள். அனுப்பினால் இன்னும் கேட்பான். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குச் சொல்லுங்கள், மிரட்டல் செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வீட்டாரிடமும் நீங்களே முந்திச் சொல்லிவிட்டால் அவன் கையில் ஆயுதம் இருக்காது. "லோன் சாங்ஷன் ஆச்சு, முதல்ல 2,000 கட்டுங்க" என்று எவன் சொன்னாலும் மோசடி.

18. சர்ச்சுலயோ ஊர்லயோ கேட்டா எல்லாருக்கும் தெரிஞ்சிருமே?

கத்தோலிக்கப் பங்குகளில் உள்ள வின்சென்ட் தெ பவுல் சபையினர் வீட்டுக்கே வந்து விசாரித்து, வெளியே சொல்லாமல் உதவுகிறவர்கள். வேறு மதத்தினருக்கும் செய்வார்கள். ஜமாஅத்தில் ஸகாத் நிதி உண்டு. ஊர்க் கமிட்டிகளில் மருத்துவம், படிப்புக்கென்று நிதி வைத்திருக்கும் ஊர்களும் உண்டு. பொதுக்கூட்டத்தில் கேட்க வேண்டாம். அருட்பணியாளரிடமோ தலைவரிடமோ தனியே, இன்ன பில், இன்ன தொகை என்று தாளோடு கேளுங்கள். "ஏதாவது உதவி" என்று கேட்பதைவிட இது எளிதில் நடக்கும்.

19. சில நேரம் எல்லாத்தையும் முடிச்சிரலாம்ணு தோணுது.

இதைச் சொல்லாமல் முகத்தில் வைத்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. இன்றைக்கே, இப்போதே ஒரு ஆளிடம் சொல்லுங்கள். மனநல உதவி எண் 14416-ஐ எந்நேரமும் தமிழில் இலவசமாகக் கூப்பிடலாம். 104-ம் உண்டு. அந்த நேரம் தனியாக இருக்காதீர்கள். கடனைத் தீர்க்க மேலே சொன்ன வழிகளில் ஒன்றையாவது நாளைக்குச் சேர்ந்து செய்யலாம். பூச்சிமருந்தோ மாத்திரையோ வீட்டில் இருந்தால் பக்கத்து வீட்டில் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

20. மனு குடுத்து மாசக் கணக்காச்சு. ஒரு பதிலும் இல்ல. அடுத்து?

எந்த மனு கொடுத்தாலும் ரசீது எண் வாங்குங்கள். அது இல்லாமல் எந்த மேசையிலும் பேச முடியாது. அந்த எண்ணோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுங்கள். முதல்வரின் உதவி மையம் 1100-லும் பதியலாம். அதற்கும் அசையவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், "என் மனு இன்ன தேதி முதல் யார் மேசையில் உள்ளது, என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும். பல நேரம் பதில் வருவதற்கு முன்பே மனு நகர்ந்துவிடும்.